இலவச சீட்டும் இரவல் முகமும்
கல்லூரி விளையாட்டு, விளம்பரம், ஒழுங்குமுறை: சில விளக்கங்கள்

1

விளையாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் அதிகம் பேசியதில்லை. சினிமாவைப் பேசியிருக்கிறோம். கூத்தை, சடங்கை, உடலை, பாலியலை எல்லாம் பேசியிருக்கிறோம். விளையாட்டு என்றால் மட்டும் அது நாளிதழின் கடைசிப் பக்கச் சமாச்சாரம் என்று தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறது. ஆனால் உழைப்பு எப்படி உழைப்பாகத் தெரியாமல் மறைக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மைதானத்தைவிடத் தோதான இடம் குறைவு.

இங்கே நான் விளக்க எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கல்லூரிக்காக ஆடுகிற ஒரு மாணவியின் பெயரும் முகமும் விளம்பரமாக மாறும்போது, அந்தக் காசு யாருக்குப் போகவேண்டும்? அதை யார், எப்படி ஒழுங்குபடுத்துவது? அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-க்குப் பிறகு கல்லூரி விளையாட்டின் அமைப்பையே புரட்டிப் போட்டிருக்கிறது. நம் பக்கம் கேள்வியே எழவில்லை. எழாததற்குக் காரணம், பிரச்சினை இல்லை என்பதல்ல. அதற்கு இங்கே 'உதவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்துக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முகத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அந்த முகத்தைத் தாங்கி நிற்கிற உடம்பு செய்கிற வேலையை வேலை என்று ஒத்துக்கொள்ளாமல் விட்டால், விளம்பர ஒப்பந்தம் என்பது கூலியை மறைக்கிற இன்னொரு திரையாகிவிடும். விதி எழுதுவதானால் ஆடுகிறவர் பக்கம் நின்றுதான் எழுதவேண்டும்.

2

நான் இருப்பது செங்கல்பட்டில். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் இரண்டு சாலைகள் வடக்கும் தெற்குமாக ஓடுகின்றன. ஒன்று ஜி.எஸ்.டி. ரோடு: வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டு. இன்னொன்று கிழக்குக் கடற்கரைச் சாலை: கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், கல்பாக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் விளையாட்டுக்குக் காசு வருகிற முறையில் இரண்டு சாலையும் இரண்டு உலகம்.

கடற்கரைச் சாலையில் நடப்பது ஸ்டிக்கர் பொருளாதாரம். அலைச்சறுக்கு இங்கே மீனவக் குப்பங்களிலிருந்து எழுந்தது. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கி, இந்தக் கரையில் ஒரு தலைமுறைப் பசங்க பலகை ஏறியிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேதான். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்த விளையாட்டில் ஸ்பான்சர் வெளிப்படையாகத் தெரிவார். பலகையின் மூக்கில் ஒரு கம்பெனி, சட்டையில் ஒரு கம்பெனி. இன்னார் காசு கொடுத்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது போதுமா என்பது வேறு கேள்வி.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நடப்பது சீட் பொருளாதாரம். தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வாலிபால், கபடி, கூடைப்பந்து, தடகளத்தில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வந்து சேர்க்கின்றன. கட்டணம் தள்ளுபடி, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ. பதிலுக்குப் பிள்ளைகள் காலையும் மாலையும் பயிற்சி செய்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் கோப்பை வாங்கித் தரவேண்டும். மே, ஜூன் மாதங்களில் அட்மிஷன் விளம்பரம் வரும். அதில் வேலை கிடைத்த மாணவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் கோப்பையோடு இந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். நாளிதழ்ப் பக்கத்தில், ஃப்ளெக்ஸில், கல்லூரி பஸ்ஸின் முதுகில். அந்த விளம்பரத்துக்கு அவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டால் கேள்வியே விநோதமாக இருக்கும். "அதான் ஃப்ரீ சீட் குடுத்திருக்கே, சார்."

எனக்குத் தெரிந்த ஒரு பெண், வாலிபால் ஆடுகிறவள். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாம் வருஷம் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. ஆறு மாதம் ஆட முடியாது என்றதும் ஹாஸ்டல் மெஸ்ஸில் அவள் பெயருக்குக் கட்டணம் எழுத ஆரம்பித்தார்கள். "அண்ணா, பஸ்சுல நான் இன்னும் ஸ்மாஷ் அடிச்சிக்கினுதான் இருக்கறேன். ஹாஸ்டல்லதான் எனக்குச் சோறு இல்ல" என்றாள். நான் கையெழுத்துத் தாளைக் காட்டச் சொன்னேன். ஒரே பக்கம், ஆங்கிலம். நிறுவனம் தன் படங்களை எந்த ஊடகத்திலும் எக்காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. சேர்க்கை நாளன்று பதினைந்து தாள்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளிடம் நகல்கூட இல்லை. அலுவலகத்தில் கெஞ்சி, செல்போனில் படம் எடுத்து வந்தாள்.

அந்தத் தாளில் அவள் முகத்துக்குக் காலக்கெடு இல்லை. அவள் சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் நம் பிரச்சினையின் வடிவம்.

3

இனி அமெரிக்கா. அங்கே கல்லூரிக் கால்பந்தும் கூடைப்பந்தும் கோடிக்கணக்கான டாலர் புரளுகிற தொழில். ஆனால் 2021 வரை ஆடுகிற மாணவர் தன் பெயரை வைத்து ஒரு பற்பசை விளம்பரத்தில் தோன்றினாலும் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) இதை 'அமெச்சூர்' தர்மம் என்றது. பயிற்சியாளருக்குப் பல லட்சம் டாலர் சம்பளம். ஆடுகிறவருக்குப் படிப்பு மட்டும்.

இதற்குப் பின்னால் ஒரு சொல்லின் கதை இருக்கிறது. 1955-இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது: கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் தொழிலாளி இல்லை. இந்த மாதிரி வழக்குகளைச் சமாளிக்கத்தான் 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற கூட்டுச் சொல்லை உருவாக்கி எங்கும் புழங்க வைத்தோம் என்று, சங்கத்தின் நிர்வாக இயக்குநராகப் பல பத்தாண்டுகள் இருந்த வால்டர் பயர்ஸே 1995-இல் வெளியான தன் நூலில் எழுதினார். ஒரு சொல்லாடல் எப்படி ஒரு விதவையின் நஷ்டஈட்டைத் தின்னும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உடைப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அது உடம்பின் பக்கமிருந்து வரவில்லை, முகத்தின் பக்கமிருந்து வந்தது. எட் ஓபானன் என்ற பழைய கூடைப்பந்து வீரர் ஒரு வீடியோ விளையாட்டில் தன் சாயலைப் பார்த்தார். அதற்கு அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் வென்றார். 2019 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் மாணவர்கள் தங்கள் பெயர், பிம்பம், சாயல் மூலம் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அது படிப்புசார்ந்த சலுகைகளுக்குப் போட்ட வரம்பு பற்றிய வழக்கு. ஆனாலும் சங்கத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 2021 ஜூலை 1 முதல் விளம்பர வருமானத்துக்குக் கதவு திறந்தது.

திறந்ததும் என்ன ஆயிற்று? பணக்கார ஆதரவாளர்கள் 'கூட்டமைப்பு' என்ற பெயரில் நிதி திரட்டி, நல்ல ஆட்டக்காரர்களைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்க 'விளம்பர ஒப்பந்தம்' போட்டார்கள். பல ஒப்பந்தங்களில் விளம்பரம் பேருக்குத்தான். சம்பளம் என்று கொடுக்கக் கூடாது, எனவே விளம்பரம் என்று கொடுத்தார்கள். 2025 ஜூன் 6-இல் ஹவுஸ் வழக்குச் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர். 2025-26 முதல் கல்லூரிகள் ஒரு வரம்புக்குள் வருமானத்தை நேரடியாகப் பங்கிடலாம்; முதல் ஆண்டில் அந்த வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை மாணவர் அறிவித்து, அவற்றுக்கு உண்மையான வணிக நோக்கம் உண்டா என்று பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும். பழைய பாக்கியில் சுமார் 90 சதவீதம் ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண் வீரர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் தொழிலாளர்கள் என்று சமரசம் ஒத்துக்கொள்ளவில்லை. நார்த்வெஸ்டர்ன் கால்பந்து வீரர்கள் 2014-இல் சங்கம் அமைக்க முயன்றார்கள். 2015-இல் தேசியத் தொழிலாளர் வாரியம் விசாரிக்க மறுத்து ஒதுங்கியது. டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் சங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அந்த வருஷக் கடைசியில் மனுவே திரும்பப் பெறப்பட்டது. முகத்துக்கு விலை வந்துவிட்டது. உடம்புக்கு அந்தஸ்து வரவில்லை.

4

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அவசியத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். பயிற்சி, ஆட்டம், பயணம், காயம் எல்லாம் உழைப்பு. அதற்கு வருவது கூலி. விளம்பரத்துக்கு வருவது கூலியைவிட நிலவாடகைக்கு நெருக்கமானது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கத்து மனைக்கு விலை கூடுவது மனைக்காரர் வியர்வையால் இல்லை. அந்த இடத்துக்கு ஊர் சேர்த்துக் கொடுத்த மதிப்பால். அதுபோல ஒரு முகத்துக்கு விலை வருவது அந்த முகத்துக்காரரின் திறமையால் மட்டுமில்லை. பந்தைத் தூக்கிக் கொடுத்தவள், எதிர்க் களத்தில் நின்றவள், மாற்று வரிசையில் உட்கார்ந்து பயிற்சியில் அடி வாங்கியவள், எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது அந்தப் புகழ். எனவே சந்தையை மட்டும் திறந்துவிட்டால் பணம் சில முகங்களில் குவியும். ஏற்கெனவே சந்தைக்குப் பிடித்த நிறம், பிடித்த உயரம், ஆங்கிலம் பேசுகிற வாய் உள்ள முகங்களில்.

அமெச்சூர் தர்மம் என்று சொன்னேனே, அதன் பிறப்பையும் பார்த்துவிடலாம். 1882-இல் இங்கிலாந்தின் படகோட்டிகள் சங்கம் அமெச்சூருக்கு எழுதிய இலக்கணத்தில், கைத்தொழில் செய்து கூலி வாங்குகிறவர்களைச் சேர்க்கவில்லை. அதாவது விளையாட்டின் தூய்மை என்பது தொடக்கத்திலேயே வேலை செய்கிற உடம்பை வெளியே நிறுத்துகிற ஏற்பாடு. நமக்கு இது புதிதாகத் தெரியக் கூடாது. பூனாவில் ஆங்கிலேயரின் மைதானத்தைச் செப்பனிட்டு, அவர்களுக்குப் பந்து வீசக் கூலி பெற்ற பல்வங்கர் பாலு, இந்தியாவின் முதல் பெரிய பந்துவீச்சாளர், தலித். பந்து வீசுவது அவர் வேலையாக இருந்தது. மட்டை பிடிப்பது துரைமார்களின் விளையாட்டாக இருந்தது. யார் செய்தால் அது ஆட்டம், யார் செய்தால் அது ஊழியம் என்று பிரிக்கிற கோடு மைதானத்துக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டுக் கல்லூரிகளுக்கு ஆட வருகிற பிள்ளைகள் யார்? தென் மாவட்டக் கிராமங்கள், கடற்கரைக் குப்பங்கள், வட சென்னைத் தெருக்கள். அவர்களுக்குக் கிடைக்கிற சீட்டை நான் கேலி செய்யவில்லை. பட்டம் கிடைக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் போலீசும் பல குடும்பங்களை இப்படித்தான் மேலே தூக்கிவிட்டிருக்கின்றன. சீட் உண்மையான லாபம். கேள்வி, அது எந்த மொழியில் கொடுக்கப்படுகிறது என்பது. கூலி என்றால் கணக்குக் கேட்கலாம். தானம் என்றால் நன்றி மட்டும்தான் சொல்லலாம்.

5

தானத்தின் மொழி கல்லூரியோடு நிற்பதில்லை. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. விளம்பரத்தில் யார் முகம் இருக்கவேண்டும் என்று அப்போது ஒரு வழக்கு வந்தது. குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களையும் சேர்க்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆளுகிறவர்களின் முகத்துக்கு நீதிமன்றம் போகிறோம். ஆடுகிறவரின் முகம் யாருடையது என்று கேட்க யாரும் படியேறவில்லை.

சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. மாநில அரசு 15 லட்ச ரூபாய் பரிசளித்தது. பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சில வருஷங்களில் அவர் செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தார். பயிற்சியாளர் வேலைக்கு அவர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. பரிசு என்பது கொடுக்கிறவர் மனநிலை. ஒரு பெண்ணின் உடம்பைச் சமூகம் சந்தேகப்பட்ட மறுநாள் அந்த மனநிலை மாறிவிடும். விளம்பர ஒப்பந்தங்களில் 'நன்னடத்தைப் பிரிவு' என்று ஒன்று எழுதுவார்கள்: அவதூறு வந்தால் நிறுவனம் விலகிக்கொள்ளலாம். அந்தப் பிரிவு முதலில் யார் மேல் பாயும் என்பதைச் சாந்தியின் கதையிலிருந்து ஊகிக்கலாம்.

6

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஒரு செங்கல்பட்டுக் கதை இருக்கிறது. ஆட்டோ சங்கருக்கு 1991 மே 31-இல் மரண தண்டனை விதித்தது செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம். செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது அவர் எழுதியது என்று சொல்லி ஒரு சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தது, அதிகாரிகள் தடுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1994 அக்டோபர் 7-இல் தீர்ப்பு வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றியாக நம் வட்டாரம் அதைக் கொண்டாடியது, சரிதான். ஆனால் அதே தீர்ப்பில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஓர் இடம் உண்டு: ஒருவரின் பெயரையோ சாயலையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும். இந்தியாவில் ஆளுமை உரிமை பற்றிய வாதங்கள் இன்றும் பிடித்துத் தொங்குகிற கொம்புகளில் இது ஒன்று. செங்கல்பட்டுச் சிறையில் கிடந்த ஒரு கைதியின் வழக்கிலிருந்து வந்த உரிமை, செங்கல்பட்டு மைதானத்துப் பெண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காரணம் 'சம்மதம்' என்ற சொல். சேர்க்கை நாளில் பதினாறாவது தாளில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்கிறார்கள். நட்சத்திரங்களுக்கு வழி இருக்கிறது. 2021-இல் டோக்கியோ வெண்கலத்துக்குப் பிறகு பி.வி. சிந்துவின் படத்தை வாழ்த்துச் சொல்கிற சாக்கில் பயன்படுத்திய நிறுவனங்களுக்கு அவருடைய ஏஜென்சி நோட்டீஸ் அனுப்பியது. கல்லூரிப் பெண்ணுக்கு ஏஜென்சி கிடையாது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் படம் எடுத்தவரைத்தான் உரிமையாளர் என்கிறது, படத்தில் இருப்பவரை இல்லை.

ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. ஒன்று, பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-லேயே முடிந்துபோன விஷயம். முதலாண்டில் சேர்கிற பல பிள்ளைகளுக்குப் பதினேழுதான். இரண்டு, தொழில் செய்யும் சுதந்திரத்தைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் முன்னுரிமை கேட்டுக் கட்டிவைக்கப் பார்த்தபோது, 2006-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. 'எக்காலத்துக்கும்' என்று எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கவேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, தவறான விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. தக்க கவனத்தோடு சரிபார்த்திருந்தால் தப்பிக்கலாம். பொதுமக்கள் பார்வையில் நியாயமான சட்டம்தான். ஆனால் ஒரு பத்தொன்பது வயதுக் கபடிப் பெண் உள்ளூர்ப் புரோட்டீன் பவுடருக்கு ஐயாயிரம் ரூபாய்க்குப் படம் கொடுத்தால், அந்தப் பொறுப்பு அவளுக்கும் உண்டு. அந்த ஐயாயிரம் வராவிட்டால் அவளுக்காக ஓடிவரும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கடமைகள் எழுத்தில் இருக்கின்றன, பாதுகாப்புகள் வாய்ச்சொல்லில் இருக்கின்றன.

7

அப்படியானால் எப்படி ஒழுங்குபடுத்துவது? அமெரிக்கப் பாணியில் மாணவரிடம் கணக்குக் கேட்கிற கண்காணிப்பு நமக்கு வேண்டாம். கண்ணைத் திருப்பி, காசு கொடுக்கிற பக்கமும் முகத்தைப் பயன்படுத்துகிற பக்கமும் வைக்கவேண்டும். விவாதத்துக்காகச் சில விதிகள்:

அ) முகத்துக்குத் தனிச் சம்மதம். சேர்க்கைப் படிவத்தோடு கலந்த சம்மதம் செல்லாது. ஒவ்வொரு விளம்பரத் தொடருக்கும் தனித்தாள், தமிழில், நகல் மாணவர் கையில். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தை எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. செல்போன் செயலிக்கு உள்ள மரியாதை ஒரு கல்லூரி ஒப்பந்தத்துக்கும் வேண்டும்.

ஆ) காலக்கெடு. படிப்பு முடிவதோடு அல்லது அணியிலிருந்து நீக்கப்படுவதோடு முகத்தின் மேலுள்ள உரிமையும் முடியவேண்டும். ஃப்ளெக்ஸ் இறங்கவேண்டும், பஸ் முதுகை வேறு பெயிண்ட் அடிக்கவேண்டும்.

இ) சீட் வேறு, விளம்பரம் வேறு. கட்டணத் தள்ளுபடியை விளம்பரக் காசாகக் கழிக்கக் கூடாது. காயம்பட்டால் சீட்டும் சோறும் பட்டப்படிப்பு முடியும்வரை தொடரவேண்டும்; சிகிச்சைச் செலவு நிறுவனத்துடையது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் சொன்னதை இங்கே கறாராக அமலாக்கவேண்டும்.

ஈ) பொதுப் பங்கு. கல்லூரி அணியின் சீருடையோ கோப்பையோ தோன்றுகிற எந்த விளம்பரத்திலும் ஒரு பகுதி முழு அணிக்கும் சமமாகப் பிரியவேண்டும், மாற்று ஆட்டக்காரர் உட்பட. ஆண்கள் அணியால் வருகிற பொதுப் பங்கில் பெண்கள் அணிகளுக்கும் இடம் வேண்டும்.

உ) பதிவேடு. ஒப்பந்தத்தை அறிவிக்கிற கடமை காசு கொடுக்கிறவருக்கு. மாணவரின் முகவரி, வீட்டு நிலவரம் வெளியே போகக் கூடாது. தரகருக்கு உச்ச வரம்பு. மாணவர் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட ஒரு வாரமாவது அவகாசம்.

ஊ) சில பொருட்களுக்குத் தடை. சூதாட்டச் செயலிகளின் விளம்பரத்தை 2025-இன் ஆன்லைன் விளையாட்டுச் சட்டமே தடுத்துவிட்டது. மது, புகையிலையின் பினாமி விளம்பரங்களுக்கும், சிவப்பழகுக் கிரீம்களுக்கும் கல்லூரிச் சீருடையைத் தரக் கூடாது.

எ) தகராறு தீர்க்கும் இடம். அதில் பாதிப் பேராவது ஆடுகிறவர்களாக, முன்பு ஆடியவர்களாக இருக்கவேண்டும். 2025-இன் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தீர்ப்பாயம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அதன் கவனம் கூட்டமைப்புகள் மேல். ஹாஸ்டல் மெஸ் தகராறுக்குத் டெல்லி போக முடியாது. மாவட்டத்தில் வேண்டும்.

8

மறுப்புகள் வரும். முதலாவது: "இப்படியெல்லாம் கேட்டா கல்லூரிக்காரன் சீட்டே குடுக்கமாட்டான்." குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும், கொத்தடிமை ஒழிப்பு வந்தபோதும் கேட்ட குரல்தான் இது. கோப்பையால் கல்லூரிக்கு லாபம் இல்லையென்றால் அட்மிஷன் விளம்பரத்தில் கோப்பைக்கு ஏன் இவ்வளவு இடம்?

இரண்டாவது மறுப்பு கனமானது. பாதுகாப்பு என்ற பெயரில் வருகிற விதி எளிதில் கட்டுப்பாடாக மாறும். பெண் என்ன உடையில் படம் கொடுக்கலாம், எந்த ஊடகத்தில் தோன்றலாம் என்று கல்லூரி ஒழுக்கக் குழு தீர்மானிக்க ஆரம்பிக்கும். இந்த அபாயம் உண்மை. அதனால்தான் மேலே சொன்ன விதிகளில் மாணவரின் நடத்தை பற்றி ஒன்றுகூட இல்லை. சூதாட்டம், மது, சிவப்பழகுக் கிரீம் விற்கிற கம்பெனி மேல்தான் தடை. அவளுடைய உடை மேல் தடை விதிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

மூன்றாவது, இடதுசாரி நண்பர்கள் கேட்பது: முகத்தைப் பண்டமாக்குவதை நாமே முறைப்படுத்திக் கொடுக்கலாமா? முகம் ஏற்கெனவே பண்டமாகி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, விற்றவர் கையில் மட்டும் காசு இல்லை. நம் வேலை அங்கிருந்து தொடங்கவேண்டும். முகத்துக்கு வாடகை கேட்கிற பேச்சு, உடம்பின் வேலைக்குக் கூலி கேட்கிற பேச்சாக வளர்ந்தால்தான் அர்த்தம். ஆடுகிற பிள்ளைகள் கல்லூரிக்குக் கல்லூரி ஒன்றுசேர்ந்து பேசத் தொடங்காமல் மேலே எழுதிய எந்த விதியும் தாளை விட்டு எழுந்து வராது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிற நண்பர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், மாணவர் அமைப்புகளில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். வருகிற சேர்க்கைப் பருவத்தில் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊர்க் கல்லூரியின் விளம்பரத்தில் கோப்பையோடு நிற்கிற பிள்ளையைத் தேடிப் போய், அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் கோரிக்கை அதுதான்: நகல்.